தூத்துக்குடியிலிருந்து ஹோபார்ட் எத்தனை மணி நேரம்? விமானக் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்க ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஊழியர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பும் எப்படியோ என் தலையில் விழுந்து, அங்கேயே தங்கிவிட்டது. சில நாட்களுக்கு முன் விடுதித் தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டினார். அவருடைய தங்கைக்கு ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட் நகரத்தில், படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வீடு தூத்துக்குடியில். திரையில் ஏதோ ஓர் இணையதளம் "9,040 கிலோமீட்டர், 11 மணி 15 நிமிடம்" என்று காட்டிக்கொண்டிருந்தது.

"பதினோரு மணி நேரம்தானே அண்ணே, அம்மாவிடம் சொல்லிவிட்டேன்" என்றார்.

"அம்மாவுக்கு இன்னொரு முறை போன் போட வேண்டியிருக்கும் தம்பி" என்றேன்.

தூரம் சரி. நேரம்தான் தப்பு, ஏனென்றால் அப்படி ஒரு விமானமே கிடையாது. இதுபோன்ற தளங்கள் இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, அதை விமானத்தின் வேகத்தால் வகுத்து, வந்த விடையை அப்படியே தந்துவிடுகின்றன. அந்தக் கோட்டில் யாராவது விமானம் ஓட்டுகிறார்களா என்ற கவலை அவற்றுக்கு இல்லை. சிங்கப்பூருக்குப் புதிதாக வந்து, ஊருக்கும் ஊருக்கு அப்பாலும் பயணக் கணக்குப் போட வேண்டியவர்களுக்காக, நான் தாளில் போடும் முறையை இங்கே எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம் தெரிந்தால் போதும். வர்க்கமூலத்துக்குக் கைப்பேசியில் பொத்தான் இருக்கிறது.

முதலில் தூரம்

ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு எண்கள் உண்டு: அட்சரேகை, தீர்க்கரேகை. கூகுள் மேப்பில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டும் வந்துவிடும். ஊரின் நடுவில் வைத்து அளக்காமல் விமான நிலையத்தை வைத்தே அளவுங்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு வடக்கு 1.36, கிழக்கு 103.99. திருச்சிக்கு வடக்கு 10.77, கிழக்கு 78.71.

இப்போது கழியுங்கள். அட்சரேகை வித்தியாசம் 9.4 பாகை, தீர்க்கரேகை வித்தியாசம் 25.3 பாகை. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆக வடக்கே 1,043 கிலோமீட்டர், மேற்கே 2,808 கிலோமீட்டர். எட்டாம் வகுப்பில் படித்த செங்கோண முக்கோணம் இங்கே கைகொடுக்கும். இரண்டையும் வர்க்கமாக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 2,995. முறையான கணக்கில் வருவது 2,980 சொச்சம். பதினைந்து கிலோமீட்டர் பிசகு விமானத்துக்கு ஒரு நிமிடம்; விட்டுவிடலாம்.

சென்னை, கோயம்புத்தூர், கொழும்பு, ஜகார்த்தா என்று நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஊர்களுக்கெல்லாம் இந்த முறை தாராளமாகப் போதும். விலகிப் போகப் போகத்தான் காலை வாரும். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், தெற்கே 43 பாகையில் இருக்கும் ஹோபார்ட் பக்கத்தில் கிழக்கு மேற்காக ஒரு பாகை 81 கிலோமீட்டர்தான். தூத்துக்குடிக்கும் ஹோபார்ட்டுக்கும் மேலே சொன்ன முறையில் போட்டுப் பாருங்கள்: 9,600 வரும். உண்மையான தூரம் 9,040. ஐந்நூற்று அறுபது கிலோமீட்டர் தவறு. அதாவது, சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை பறந்து தீர்க்கும் அளவு.

அதற்கு நான் கண்ட எளிய வழி பூகோள உருண்டையும் நூலும். சிரிக்க வேண்டாம். என் மேசையில் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை ஒன்று இருக்கிறது. தேக்காவில் பூக்கடைக்காரம்மா கொடுத்த பூக்கட்டும் நூல் அதன் தண்டில் சுற்றியிருக்கிறது. 30 சென்டிமீட்டர் உருண்டையின் சுற்றளவு 94 சென்டிமீட்டர், பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். அப்படியென்றால் நூலில் ஒரு சென்டிமீட்டருக்கு 425 கிலோமீட்டர். ஓர் ஊரில் நூலின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுநுனியை மற்ற ஊர்மேல் வைத்து இறுக்கி இழுங்கள். நூல் தானாகவே நகர்ந்து மிகக் குறுகிய வழியில் போய்ப் படியும். அதைத்தான் பெருவட்டப் பாதை என்கிறார்கள். திருச்சிக்கு நூல் 7 சென்டிமீட்டர் பிடிக்கும். தூத்துக்குடியிலிருந்து ஹோபார்ட்டுக்கு 21 சென்டிமீட்டரும் கொஞ்சமும்.

நூல் போகும் வழியையும் பாருங்கள், சுவரில் தொங்கும் வரைபடம் நம்மை எவ்வளவு ஏமாற்றி வைத்திருக்கிறது என்று புரியும். சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பசிபிக்கின் நடுவே நேராகப் போவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நூல் ஜப்பான் பக்கமாக ஏறி, வடக்கே வளைந்து இறங்குகிறது. அந்தத் தட்டை வரைபடத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைவிடப் பதினான்கு மடங்கு பெரியது.

உருண்டை இல்லாதவர்கள் கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து, இடத்தின்மேல் வலப்பக்கச் சொடுக்குப் போட்டு, தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் பெருவட்டத்தில்தான் அளக்கிறது. இருந்தாலும் நூலைக் கையில் பிடித்த பிறகு வரும் தெளிவு திரையில் வராது என்பது என் கட்சி.

உருண்டை கிடைத்தால் இன்னொன்றும் செய்து பாருங்கள். சிங்கப்பூரில் ஊசி குத்தி நேராக மறுபக்கம் இறக்கினால், தென்னமெரிக்காவில் ஈக்குவடார் நாட்டின் அமேசான் காட்டில் வெளியே வரும். அந்நாட்டின் தலைநகர் கீட்டோ இங்கிருந்து 19,700 கிலோமீட்டர். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இராது. இதைவிடத் தொலைவான ஊருக்கு யாரும் உங்களை வேலைக்கு அனுப்ப முடியாது.

பிறகு பறக்கும் நேரம்

கிலோமீட்டரை 850 ஆல் வகுங்கள். வருவது மணி நேரம். அதோடு 40 நிமிடம் கூட்டுங்கள். அவ்வளவுதான்.

ஜெட் விமானங்கள் மேலே போனபின் மணிக்கு 830 முதல் 910 கிலோமீட்டர் வரை பறக்கின்றன. ஆனால் டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரம், விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பது வரைக்குமானது. ஓடுபாதையில் வரிசையில் நிற்பது, மெதுவாக ஏறுவது, இறங்கும்முன் வட்டமடிப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 40 நிமிடம். சென்னை 2,930 கிலோமீட்டர்: 3 மணி 27 நிமிடத்தோடு 40 நிமிடம், 4 மணி 7 நிமிடம். மெல்பர்ன் 6,030 கிலோமீட்டர்: 7 மணி 46 நிமிடம். நியூயார்க் 15,300 கிலோமீட்டருக்கு மேல்: 18 மணி 40 நிமிடம். இந்தக் கடைசி ஒன்று உலகின் மிக நீண்ட நேரடிப் பயணிகள் சேவை என்று பெயர் பெற்றது. அதன் அட்டவணைக்கும் நம் தாள் கணக்குக்கும் அரை மணிகூட வித்தியாசம் இல்லை.

இந்தக் கணக்கு தவறுவது எப்போது? மூன்று இடங்களில். சின்ன ஊர்களுக்குப் போகும் விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டித்தான் பறக்கும். தூத்துக்குடியிலிருந்து சென்னை 530 கிலோமீட்டர்தான் என்றாலும் ஒன்றரை மணி நேரம் ஆவது அதனால்தான். அடுத்தது காற்று. நடுத்தர அட்சரேகைகளில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்றோட்டம் அடிக்கிறது. தோக்கியோவுக்குப் போகும்போது தள்ளிவிடும் காற்று, திரும்பும்போது எதிர்த்து நிற்கும். அரை மணி கூடும், குளிர்காலத்தில் அதற்கு மேலும் கூடும். நமக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே அந்தக் காற்று அவ்வளவாக இல்லை, ஆகவே போக வர ஏறக்குறைய ஒரே நேரம். மூன்றாவது, மூடிய வான்வெளி. 2022 இல் ரஷ்யாவின் வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோவுக்குச் சுமார் ஒன்பதரை மணியில் போன விமானம் சுற்றுவழியில் 13 மணி நேரம் எடுத்துக்கொண்டது. பூமி மாறவில்லை, தூரமும் மாறவில்லை.

கடிகாரம்

புதிதாக வந்தவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். இரண்டையும் நேராகக் கழித்தால் விடை பிசகும். சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. இங்கே இரவு 10 மணிக்குப் புறப்பட்டு இரவு 11.40க்குத் திருச்சியில் இறங்கினால், 1 மணி 40 நிமிடப் பயணம் என்று நினைத்துவிட வேண்டாம். அதோடு இரண்டரையைக் கூட்டுங்கள்: 4 மணி 10 நிமிடம். திரும்பி வரும்போது இரண்டரையைக் கழிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். சூரியன் ஒரு பாகையைக் கடக்க 4 நிமிடம். திருச்சிக்கும் நமக்கும் 25 பாகை. கணக்குப்படி நேர வித்தியாசம் ஒன்றே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவுதான். மீதி முக்கால் மணி எங்கிருந்து வந்தது என்றால், 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. அதற்கு முன்னும் அது சூரியனை முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது. காலை ஏழு மணிக்குத்தான் இங்கே விடிகிறது என்று வந்த புதிதில் நீங்கள் ஆச்சரியப்பட்டிருந்தால், காரணம் இதுதான்.

நள்ளிரவு விமானம் தனிக் கண்ணி. என் சொந்த அவமானத்தைச் சொல்கிறேன். வந்த முதல் வருடம், பொங்கலுக்கு ஊருக்குப் போக எடுத்த டிக்கெட்டில் "சனிக்கிழமை 00.15" என்று இருந்தது. சனிக்கிழமை இரவு உணவை முடித்து, தைலப் புட்டி, சாக்லேட், அம்மாவுக்குப் புடவை எல்லாம் கட்டிக்கொண்டு, இரவு ஒன்பது மணிக்குச் சாங்கியில் போய் நின்றேன். முகப்பில் இருந்த பெண் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, என் முகத்தையும் திரையையும் இரண்டு முறை பார்த்தார். என் விமானம் அன்று அதிகாலையே போய்விட்டிருந்தது. சனிக்கிழமை 00.15 என்றால் வெள்ளிக்கிழமை இரவே நிலையத்தில் இருக்க வேண்டும். அன்றிலிருந்து நான் யாருக்கு டிக்கெட் எடுத்தாலும், அச்சிட்ட தாளில் "வெள்ளி இரவு 9 மணிக்குச் சாங்கி" என்று பேனாவால் எழுதித்தான் கொடுக்கிறேன்.

இப்போது உண்மையான பயணம்

தம்பியின் தங்கைக்கு வருவோம். தூத்துக்குடி, சென்னை, சிங்கப்பூர், மெல்பர்ன், ஹோபார்ட் என்று நான்கு விமானங்கள். கிலோமீட்டர்: 530, 2,930, 6,030, 620. கூட்டினால் 10,110. நேர்க்கோட்டைவிட 1,070 கிலோமீட்டர்தான் அதிகம். மூன்று முறை மாறிப் போவதற்கு இது அற்பம். சிங்கப்பூர் வழியில் உட்கார்ந்திருப்பதன் பலன் இது. எல்லாருக்கும் இப்படி வாய்க்காது. அதே ஹோபார்ட்டிலிருந்து சிலி நாட்டின் தென்கோடியிலுள்ள புன்டா அரேனாஸ் நகருக்கு நூல் பிடித்தால் 8,700 கிலோமீட்டர். நூல் அண்டார்டிகாவின் கரையை ஒட்டிப் போகிறது. அந்த வழியில் பயணிகள் விமானம் ஏது? சிட்னிக்கு ஏறி, சான்டியாகோவுக்குக் கடல் தாண்டி, மறுபடி தெற்கே இறங்கினால் 14,500 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். ஒதுங்கிக் கிடக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே நூல் எவ்வளவு நீளம் என்பதைவிட, எந்தப் பெரிய நிலையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே பெரிய கேள்வி.

நேரத்தைத் தாளில் இப்படி எழுதிக் காட்டினேன். இவை மாதிரிக்காக நான் வைத்துக்கொண்ட நேரங்கள். உங்கள் டிக்கெட்டில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். பகல் 2 மணிக்குத் தூத்துக்குடி, 3.30க்குச் சென்னை. இரவு 11க்குச் சென்னையை விட்டால், 4 மணி 10 நிமிடம் பறந்து, சிங்கப்பூர் நேரம் விடியற்காலை 5.40. காலை 9.40க்கு மறுபடி ஏறினால், 7 மணி 40 நிமிடம் கழித்து, மெல்பர்ன் நேரம் இரவு 7.20 (சிங்கப்பூரைவிட இரண்டு மணி நேரம் முந்தி). 9.30க்குக் கடைசி விமானம், 10.45க்கு ஹோபார்ட். இந்திய நேரத்துக்கு மாற்றினால் மறுநாள் மாலை 6.15. ஆக மொத்தம் 28 மணி 15 நிமிடம். அதில் வானத்தில் இருந்தது 14 மணி 35 நிமிடம், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது 13 மணி 40 நிமிடம். 9,040 கிலோமீட்டரை இதனால் வகுத்தால் மணிக்கு 320 கிலோமீட்டர். ஜப்பானின் அதிவேக ரயில் இதே வேகத்தில் ஓடுகிறது.

தம்பி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதில் எதைக் குறைக்கலாம் அண்ணே?" என்றார். சரியான கேள்வி. வானத்தில் ஒரு நிமிடத்தைக்கூட நாம் குறைக்க முடியாது. தரையில் சென்னையின் ஏழரை மணி நேரத்தைக் குறைக்கலாம், தூத்துக்குடியிலிருந்து பிந்திய விமானம் இருந்தால். சிங்கப்பூரின் நான்கு மணி நேரத்தை நான் தொடமாட்டேன். நல்ல நிலையம், கால் நீட்டலாம். மெல்பர்னின் இரண்டு மணி பத்து நிமிடம்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஆஸ்திரேலியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவு, பெட்டியை எடுப்பது, சுங்கம், உணவுப்பொருள் சோதனை எல்லாம் முடித்து, பெட்டியை மறுபடி ஒப்படைத்துவிட்டுத்தான் உள்நாட்டு விமானம் ஏற முடியும். பெட்டியில் மாங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் இருந்தால் அட்டையில் கட்டாயம் அறிவித்துவிட வேண்டும். மறைத்தால் அபராதம். அறிவித்தால் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டில் வரிசையே மேல்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அக்டோபர் முதல் ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை மெல்பர்னும் ஹோபார்ட்டும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கின்றன. சிங்கப்பூர் அப்படிச் செய்வதில்லை. இங்கே புறப்படும் நேரம் அதேதான் என்றால், ஆகஸ்டில் இரவு 7.20க்கு இறங்கும் விமானம் நவம்பரில் 8.20க்கு இறங்கும். 9.30 விமானத்துக்கு மிஞ்சுவது ஒரு மணி பத்து நிமிடம். போதவே போதாது. தங்கை போவது பிப்ரவரியில். ஆகவே மெல்பர்னில் ஓர் இரவு தங்கி, காலை விமானத்தில் போகும்படி டிக்கெட்டை அமைத்தோம்.

நான்கும் ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும், ஒரே முன்பதிவு எண்ணில். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமானதற்கு அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது. சிங்கப்பூரில் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியதாகிவிடும். வெளியே வர இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். இடைப்பயணிகளுக்குச் சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும், அவை யாருக்குப் பொருந்தும் என்பதைக் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தின் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். ஒரே டிக்கெட் என்றால் பெட்டி தானாக மாறிவிடும், அவரும் உள்ளேயே இருந்துவிடலாம்.

வாசலிலிருந்து வாசல்வரை

இங்கிருந்து ஊருக்குப் போகிறவர்கள் இன்னும் இரண்டு எண்களைக் கூட்ட வேண்டும். துவாஸ் பக்கத்து விடுதியிலிருந்து சாங்கிக்குப் பெருவிரைவு ரயிலில் போனால், தானா மேராவில் மாறி ஏறுவதையும் சேர்த்து, ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த முனையம் என்பதை முதல் நாளே பாருங்கள். நான்காம் முனையத்துக்கு ரயில் இல்லை, இலவசப் பேருந்தில் போக வேண்டும். அதற்கு இன்னொரு இருபது நிமிடம். பெட்டி போடும் முகப்பு பொதுவாகப் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போது மூடிவிடும், ஆகவே மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். அந்தப் பக்கம் திருச்சியில் பெட்டி வர முக்கால் மணி, பிறகு புதுக்கோட்டைக்கோ பட்டுக்கோட்டைக்கோ பஸ். நான்கு மணிப் பயணம் இப்படித்தான் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரமாகிறது.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கு வழியாக இங்கே வந்தவர். அவரிடம் இந்தப் பன்னிரண்டு மணிக் கணக்கைச் சொல்லி அலுத்துக்கொண்டால், ஒரு வார்த்தை பேசாமல் வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார்.

தம்பி அன்று மாலையே அம்மாவுக்குப் போன் போட்டார். தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைத்தார். ஒவ்வோர் ஊருக்கும் எதிரே இரண்டு நேரங்கள் எழுதியிருந்தோம்: அந்த ஊர் நேரம் கறுப்பு மையில், தூத்துக்குடி நேரம் சிவப்பு மையில். அம்மா சிவப்பை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லச் சொன்னேன். அவர் திருப்பிக் கேட்ட ஒரே கேள்வி, மெல்பர்னில் தங்கும் இரவுக்குச் சாப்பாடு யார் கொடுப்பார்கள் என்பது.